கரண்ட் கெப் வரட்டும் ஐயாமாரே, பிளக் எங்க?

கௌரவ போக்குவரத்து அமைச்சருக்கும், எரிசக்தி அமைச்சருக்கும், நிதி அமைச்சில வாகன வரி பாக்கிற பெரியவங்களுக்கும், வாகனம் இறக்குற கம்பனி முதலாளிமாருக்கும் வணக்கம்.

எல்லாருக்கும் சேத்து ஒரே கடிதமா எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க. தனித்தனியா எழுதினா ஒவ்வொரு இடத்திலயும் இது எங்க விசயம் இல்ல, பக்கத்துக் கட்டடத்துக்குப் போங்கன்னு சொல்லுவாங்க, பக்கத்துக் கட்டடத்துக்குப் போனா சப்ஜெக்ட் கிளார்க் லீவு. அதனால இப்படி நடு ரோட்டுல நின்னு சத்தமா வாசிக்கிற மாதிரி எழுதிட்டேன். விசயம், கரண்ட்ல ஓடுற கெப், அதான் பின்னால தட்டு வச்ச பிக்கப் வண்டி, அத எங்க வச்சு சார்ஜ் பண்றதுங்கிறது.

நான் இருக்கிறது கொழும்பு கொட்டாஞ்சேனை, பொழப்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுல. ரெண்டு கெப் வச்சு ஹயர் ஓட்டுறேன். ஒன்னு ஒரு வரிசை சீட்டு வச்ச சிங்கிள் கெப், ஒன்னு ரெண்டு வரிசை வச்ச டபுள் கெப், ரெண்டும் டீசல், ரெண்டும் நான் வாங்கும்போதே மூணாவது கை. பருப்பு, சீனி, பெரிய வெங்காயம், செத்தல் மிளகாய் மூட்டையெல்லாம் ஏத்திக்கிட்டு வெள்ளவத்தை, தெஹிவளை, மாளிகாவத்தை, வத்தளைன்னு கடை கடையா இறக்குறது, ரெண்டு கிழமைக்கு ஒரு தடவை மலைநாட்டுல ஹட்டன் பக்கம் ஒரு ட்ரிப். எங்க அம்மா ஊரு அந்தப் பக்கம்தான், அதனால அந்த ட்ரிப்ப மட்டும் டிரைவர் அண்ணன்கிட்ட விடாம நானே போவேன்.

2020 மார்ச்ல மூடின வாகன இறக்குமதிய 2025 பெப்ரவரி 1ஆம் தேதியில இருந்து தனியார் வாகனத்துக்கும் தொறந்து விட்டீங்க. அன்னையில இருந்து காலி வீதியில பாத்தா சத்தம் போடாத காருங்கதான். இப்ப எங்க தெருவுல தேத்தண்ணி குடிக்கிற இடத்திலயெல்லாம் அடுத்த கதை, கெப்பும் கரண்ட்ல வருதாமே, டீசலே அடிக்க வேணாமாமே. ஒருத்தர் சொல்றாரு அது வந்தா நாமெல்லாம் ராஜான்னு, இன்னொருத்தர் சொல்றாரு அது மழையில நனைஞ்சா ஷொக் அடிக்கும்னு. ரெண்டு பேரும் ஒன்னை ஓட்டிப் பாக்கல. நான் ஓட்டிப் பாத்தேன், அதான் இந்தக் கடிதம்.

அதுக்கு முன்னாடி 2022 நெருக்கடி பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். ஜூன் கடைசியில டீசல் லீட்டர் 460 ரூபா, அதுவும் கையில காசிருந்தாலும் கிடையாது. என் சிங்கிள் கெப் மூணு நாள் பெற்றோல் ஷெட் கியூவுல நின்னுச்சு, பின்னால தட்டுல பாய விரிச்சு நுளம்புத்திரி கொளுத்தி வச்சுக்கிட்டு ஒரு ராத்திரி டிரைவர் அண்ணன், ஒரு ராத்திரி நான். வண்டிய நாலு அடி முன்னால எடுக்கிறதுக்கு இன்ஜின ஸ்டார்ட் பண்ணக்கூட டீசல் இல்லாம கையால தள்ளினோம். மூணாவது நாள் டீசல் கொண்டு வாற பவுசர் வரலன்னு சொல்லிட்டாங்க. அந்த ராத்திரி தட்டுல மல்லாக்கப் படுத்துக்கிட்டு எதிர் வீட்டுக் கூரையில சோலார் பேனல் நிலா வெளிச்சத்துல மின்னுறத பாத்துக்கிட்டே இருந்தேன், அப்ப தோணிச்சு, அந்தக் கூரையில இருந்து இந்தக் கெப்புக்கு ஒரு வயர் இழுக்க முடிஞ்சா நான் ஏன் இங்க கிடக்கணும்னு. அதனால எலக்ட்ரிக் கெப்ப நான் எதிர்க்கிறவன்னு நெனச்சிராதீங்க, அதுக்கு ஆசைப்பட்ட முதல் ஆள்ல நானும் ஒருத்தன்.

ஆனா அதே வருஷம் மார்ச் 31ஆம் தேதி 13 மணித்தியாலம் கரண்ட் கட் இருந்ததும் ஞாபகம் இருக்குதானே. டீசலும் இல்ல கரண்ட்டும் இல்ல. கரண்ட் கெப் அன்னைக்கு என்கிட்ட இருந்திருந்தா அதுவும் ஒரு கியூவுலதான் நின்னிருக்கும், கியூவுக்குப் பேரு மட்டும் வேற.

சரி, ஓட்டிப் பாத்த கதைக்கு வாறேன். என் மச்சான் வேலை செய்யிற ஒரு கம்பனிக்கு பரீட்சைக்குன்னு ஒரு எலக்ட்ரிக் டபுள் கெப் வந்திருந்திச்சு. பேரு சொல்லல, அது நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்ல நான் ஆளில்ல. பெட்டரி 65 யூனிட் பிடிக்கும். கரண்ட் பில்லுல வாற அதே யூனிட்தான், கிலோவாட் மணின்னு படிச்ச ஆக்கள் சொல்றது. ஒரு ஞாயித்துக்கிழமை கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, 50 கிலோ மூட்டை 10 ஏத்திக்கிட்டு ஹட்டனுக்கு விட்டேன்.

தெருவ விட்டு வெளிய வரும்போதே முதல் பாடம். மூட்டை தூக்குற நாட்டாமி அண்ணன் ஒருத்தர் தள்ளுவண்டியில வெங்காயம் அடுக்கிக்கிட்டு பின்பக்கமா வந்துட்டாரு, நான் நிக்கிறதே அவருக்குத் தெரியல. எங்க தெருவுல யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, காதாலதான் பாப்பாங்க, டீசல் கெப் உறுமினா முதுக வளைச்சு வழி விடுவாங்க. இது பூனை மாதிரி நின்னுச்சு. ஹோர்ன் அடிச்சதும் அவரு அடிச்ச பேச்ச இங்க எழுத முடியாது.

கொழும்புல பெட்டரி 100 வீதம். அவிசாவளையில 80. கித்துள்கலையில 66. இதுவரைக்கும் சொகம், ஏசிய போட்டுக்கிட்டு பாட்டுக் கேட்டுக்கிட்டு போனேன், இன்ஜின் சத்தம் இல்லாததால என் பழைய கெப்புல கேக்காத களனி ஆத்து சத்தம் கூடக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் கினிகத்தேன ஏத்தம். டீசல் கெப்ப இந்த ஏத்தத்துல ரெண்டாம் கியர்ல போட்டு கரும்புகை விட்டுக்கிட்டு பின்னால வாற பஸ்காரன்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு ஏத்துவேன். இது அப்படியே ஏணியில குரங்கு ஏறுற மாதிரி ஏறிச்சு, மூட்டை இருக்கிறதே தெரியல, எனக்கு சிரிப்பு வந்திருச்சு. ஆனா கண்ணு மீட்டர்ல. 63, 59, 54, ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்னு ஒன்னா கொட்டுது. ஹட்டன்ல போய் நிக்கும்போது 41.

கணக்குப் போட்டுப் பாத்தா ஞாயந்தான். ஹட்டன் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1,270 மீட்டர். வண்டியும் மூட்டையும் ஆளும் சேத்து 3 டொன்ன அந்த ஒசரத்துக்கு தூக்குறதுக்கு மட்டும் 10 யூனிட்டுக்கு மேல போகும், ரோட்டுல உருளுறதுக்குப் போறது தனி. டீசல்லயும் இதேதான் நடக்குது, அங்க முள்ளு மெதுவா இறங்குறதால நமக்கு வயித்தக் கலக்கிறதில்ல.

ஹட்டன்ல சார்ஜ் போட எடம் தேடினேன். ஒரு கடைக்கார அண்ணன் பாவம், ஐஸ் பெட்டியோட வயர கழட்டிட்டு அந்த பிளக் பொயின்ட்ட குடுத்தாரு, ஒரு மணித்தியாலம் வச்சும் ஏறினது 4 வீதம். அதுக்குள்ள ஐஸ்கிரீம் உருகிரும்னு நானே கழட்டிட்டேன். திரும்பி வரும்போது மாமா வீட்டுல இருந்து குடுத்த கரட், லீக்ஸ் எல்லாம் சேத்து ஒரு 400 கிலோ மரக்கறி.

இப்ப கேளுங்க, இதுதான் நான் வாழ்க்கையில மறக்காத விசயம். 45 வீதத்தோட ஹட்டன்ல இருந்து இறங்கினேன், பிரேக்குல கால் வைக்கவே இல்ல, அக்சிலேட்டர விட்டா அதுவே பிடிக்குது, பிடிக்கிறப்போ மோட்டார் டைனமோவா மாறி பெட்டரிக்குள்ள கரண்ட் போகுது. கித்துள்கலையில வந்து நிக்கும்போது மீட்டர்ல 46. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஓடி, பெட்டரி ஒரு வீதம் கூடியிருக்கு. கினிகத்தேன இறக்கத்துல பிரேக் சூடாகி ரப்பர் நாத்தம் மூக்குல ஏறாம நான் இறங்கினது அதுதான் முதல் தடவை. பிரேக் லைனர் மாத்துறதுக்கு வருஷத்துக்கு நான் கொட்டுற காச நெனச்சுப் பாத்தேன்.

மலைநாட்டுல இருந்து மரக்கறி கீழ வருது, தேயிலை கீழ வருது. மேல போற பல லொறி காலியாவோ பாதியாவோ போயிட்டு பாரத்தோட இறங்குது. சுவிஸ்ல, நம்ம ஆக்கள் நெறைய இருக்கிற நாடுதானே, பீல் நகரத்துக்குப் பக்கத்துல ஒரு கல்லுக் குவாரியில ஒரு பெரிய எலக்ட்ரிக் டம்பர் ஓடுது, காலியா மேல போய் கல்லோட கீழ இறங்குறதால ஏறப் போன கரண்ட்ட இறங்கும்போது திரும்ப எடுத்துக்குது. நம்ம நுவரெலியா றோட்டும் அதே கணக்குதான், அந்தளவுக்கு முழுசா வராது, ஆனா ஒரு பங்கு வரும். இத யாராவது உங்க மேசையில வச்சாங்களான்னு தெரியாது, அதான் எழுதுறேன்.

ஆனா கித்துள்கலையில இருந்து கொழும்புக்கு இன்னும் 90 கிலோமீட்டர். அவிசாவளையில மழை, ஹங்வெல்லயில ட்ராஃபிக், ஏசிய நிப்பாட்டிட்டு கண்ணாடிய தொறந்து வச்சுக்கிட்டு வேர்த்து ஒழுக கொட்டாஞ்சேனைக்கு வந்து சேரும்போது 15 வீதம். ஒரு சாவு வீட்டுச் செய்தி வந்து அன்னைக்கு ராத்திரியே திரும்ப மேல போகணும்னா? முடியாது. டீசல்னா பத்து நிமிசம், ஷெட்டுல அடிச்சிட்டு போயிருப்பேன். கொழும்புல இருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், அந்த ட்ரிப் ஓடுற என் கூட்டாளிமார்கிட்ட இந்தக் கெப்ப குடுத்தா நடுவுல எங்கயாவது ஒரு மணித்தியாலத்துக்கு மேல சார்ஜருக்குக் காவல் இருக்கணும். மீன் ஏத்திக்கிட்டு வாறவனுக்கு ஒரு மணித்தியாலம்னா ஐஸ் காசு.

வெளிநாட்டு கதையையும் கொஞ்சம் பாருங்க, ஏன்னா கம்பனிக்காரங்க வந்து உங்களுக்கு கலர் கலரா படம் காட்டுவாங்க. அமெரிக்காவுல ஃபோர்ட் கம்பனி 2021 மே மாசம் எஃப்-150 லைட்னிங்னு முழு எலக்ட்ரிக் பிக்கப் காட்டினாங்க, ஆரம்ப விலை 39,974 டொலர்னு சொன்னாங்க, ரெண்டு வருஷம் போறதுக்குள்ள விலை எங்கயோ போயிருச்சு, 2025 டிசம்பர்ல முழு எலக்ட்ரிக்க நிறுத்திட்டு பெட்டரிய சார்ஜ் பண்ண உள்ளுக்கே இன்ஜின் வச்ச மாதிரி செய்யப் போறோம்னு சொல்லிட்டாங்க. டெஸ்லா சைபர்ட்ரக் 2019ல காட்டும்போது 39,900 டொலர், 2023 கடைசியில குடுக்க ஆரம்பிச்சப்போ சொன்ன ஆரம்ப விலை 60,990. ஜிஎம்சி ஹம்மர் கரண்ட் பிக்கப் 4 டொன்னுக்கு மேல, அதுல பெட்டரி மட்டும் 1,300 கிலோ, அதாவது ரெண்டு மாருதி 800 காரு பெட்டரியா படுத்திருக்கு. அங்க அவங்களுக்கு பெரிய பிரச்சினை பின்னால ட்ரெய்லர் கட்டி இழுத்தா ஓடுற தூரம் பாதியா போயிருதுங்கிறது. நமக்கு படகும் இல்ல ட்ரெய்லர் வீடும் இல்ல, அந்தப் பிரச்சினைய அவங்களே வச்சுக்கட்டும்.

நமக்குப் பொருத்தமானது தாய்லாந்துப் பக்கம் வருது. இசுசு டி-மேக்ஸ் கரண்ட் மொடல் 2024ல பேங்கொக்ல காட்டினாங்க, 66.9 யூனிட் பெட்டரி, ஒரு டொன் பாரம், 263 கிலோமீட்டர் ஓடும்னு கணக்கு. டொயோட்டா ஹைலக்ஸ் கரண்ட் மொடல் 2025 நவம்பர்ல வந்துச்சு, 59.2 யூனிட், 240 கிலோமீட்டர், பாரம் 715 கிலோ. அந்த 715ல டிரைவரும் கிளீனரும் அடக்கம். நம்ம டிரைவர் அண்ணன் 90 கிலோ, அவரு சாப்பாட்டு பார்சலோட. கிளீனரையும் கழிச்சா மிச்சத்துக்கு 11 மூட்டை ஏத்தலாம், 12ஆவது மூட்டைக்கு பொலிஸ் ஐயாவுக்கு பதில் சொல்லணும். இப்ப நாங்க கெப்புல எவ்வளவு ஏத்துறோம்னு இந்தக் கடிதத்துல எழுதினா எனக்கே நான் தண்டம் எழுதின மாதிரி ஆயிரும், அதனால விடுவோம், ஆனா உங்களுக்குத் தெரியும்.

இந்த 240, 263 எல்லாம் கேட்டதும் ஐயோ போதாதேன்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க. நான் ஒரு மாசம் என் சிங்கிள் கெப்போட மீட்டர ஒவ்வொரு நாளும் சாயந்தரம் கொப்பியில எழுதி வச்சேன். கூடினது 81 கிலோமீட்டர், குறைஞ்சது 38, சராசரி 65. காலையில ஆறு மணிக்கு ஏத்தி சாயந்தரம் அஞ்சுக்கு முடிஞ்சு வீட்டுக்கு வருது, அதுல பாதி நேரம் இன்ஜின் ஓடிக்கிட்டே ட்ராஃபிக்ல நிக்குது. இந்த வேலைக்கு 240 கிலோமீட்டர் எதுக்கு, 120 போதும். இந்தியாவுல டாட்டா ஏஸ், நம்ம ஊரு பாஷையில சொன்னா பட்டா, அதோட கரண்ட் மொடல் 2022லயே வந்து 600 கிலோ ஏத்தி ஓடுது, 2024ல ஒரு டொன் ஏத்துறதும் வந்திருச்சு, பெட்டரி 21 யூனிட்டுதான்.

காசுக் கணக்கும் சொல்றேன். 65 கிலோமீட்டருக்கு டீசல் எனக்கு ஆறரை லீட்டர், 2025ல டீசல் 270க்கும் 290க்கும் இடையில இருந்துச்சு, அப்ப ஒரு நாளைக்கு 1,800 ரூபா வாக்கில. கரண்ட்ல சார்ஜ் பண்ணும்போது வீணாப் போறதையும் சேத்து 18 யூனிட், யூனிட் 60 ரூபான்னு வச்சா 1,080. ஒரு நாளைக்கு 700 ரூபா, மாசத்துக்கு 18,000 மிச்சம். ஒயில் மாத்துற செலவு, டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர் வேலை இல்ல, அதையும் போடுங்க. நல்ல காசுதான். ஆனா புது கெப்புக்கு லீசிங் தவணை கட்டுறவனுக்கு அது எங்க காணும், அதனாலதான் சொல்றேன், டீசல் மிச்சத்த மட்டும் காட்டி யாரும் எங்கள ஏமாத்த வேணாம்.

இப்ப நான் கேக்க வந்த விசயம். அந்த 18 யூனிட்ட எங்க வச்சு ஏத்துறது?

பெருசா ஒன்னும் வேணாம். சாதாரண வீட்டு பிளக் பொயின்ட்ல 3 கிலோவாட் வரும், ஆறு மணித்தியாலத்துல 18 யூனிட் ஏறிரும். உங்க நேரக் கட்டண முறையில ராத்திரி பத்தரையில இருந்து காலையில அஞ்சரை வரைக்கும் குறைஞ்ச விலை, ஏழு மணித்தியாலம், அளந்து தச்ச சட்டை மாதிரி சரியா இருக்கு. ஆனா என் வீடு ரெண்டாம் மாடி. மீட்டர் பெட்டி கீழ படிக்கட்டுப் பக்கம், மூணு குடும்பத்துக்கு. கெப் நிக்கிறது தெரு முனையில, சில நாள் கொச்சிக்கடை கோயில் பக்கம், எடம் கிடைக்கிற எடத்துல. நான் மாடியில இருந்து வயர் விட்டு நடைபாதைக்குக் குறுக்க இழுத்து கெப்புக்குக் குத்தினா, காலையில பூசைக்குப் போற ஆச்சி ஒருத்தர் அதுல தடுக்கி விழுந்தா யாரு பொறுப்பு? கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், தெமட்டகொட, இங்க ஹயர் ஓட்டுற ஆக்கள்ல எத்தனை பேருக்கு கராஜ் இருக்கு? கராஜ் இருக்கிற வீட்டுக்காரன் கெப்புல மூட்டை ஏத்துறதில்ல, மூட்டை ஏத்துறவனுக்கு கராஜ் இல்ல.

நீங்க எல்லாரும் பேசுறது ஃபாஸ்ட் சார்ஜர் பத்தி. ஹைவேயில ஒன்னு, ஹோட்டல் வாசல்ல ஒன்னு, நாடா வெட்டி போட்டோ எடுக்க வசதி. 60 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்னு ஒரு நேரத்துல ஒரு வண்டியத்தான் முழு வேகத்துல சார்ஜ் பண்ணும். அதே 60 கிலோவாட்டுல 20 சாதாரண பிளக் வைக்கலாம், ராத்திரி முழுக்க 20 கெப் தூங்கும், காலையில 20 கெப்பும் வேலைக்குப் போகும். மாநகர சபைக்கு சொந்தமான காலி வளவு, பாலத்துக்குக் கீழ, சந்தைக்குப் பின்னால எத்தனை எடம் சும்மா கிடக்கு. ஒரு காவல்காரர், ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு சின்ன மீட்டர், தலைக்கு மேல ஒரு தகரம், ராத்திரிக்கு ஒரு தொகை. நாங்க காசு குடுக்க மாட்டோம்னு சொல்லல. இப்பவும் ராத்திரி பார்க்கிங்குக்கு காசு குடுத்துக்கிட்டுதான் இருக்கோம், ரசீது மட்டும் கிடையாது.

சாயந்தரம் வீட்டுக்கு வந்த உடனே எல்லாரும் குத்திட்டா என்ன ஆகும்னு உங்க பொறியியலாளர்மாருக்கு நான் சொல்லத் தேவையில்ல, ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும் நாடே லைட்டு போட்டு சோறு ஆக்குற நேரம். அதனால அந்த வளவுல பத்தரைக்குத்தான் கரண்ட் வரும்னு சுவிட்ச போட்டு வைங்க, நாங்க படுத்துருவோம், கெப் பாத்துக்கும்.

அப்புறம் பகல். 2025 சித்திரை வருஷத்துக்கு நீங்களே கூரையில சோலார் வச்சிருக்கிறவங்ககிட்ட ஏப்ரல் 13ல இருந்து 21 வரைக்கும் பகல்ல அத நிப்பாட்டச் சொல்லிக் கேட்டீங்க, லீவு நாள்ல கரண்ட் பாவிக்க ஆளில்ல, கூடிப் போனா முழுக் கட்டமைப்பும் விழுந்துரும்னு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் பெப்ரவரி 9ஆம் தேதி ஞாயித்துக்கிழமை பாணந்துறையில ஒரு குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க இருட்டாச்சு. வெயில் இலவசமா கொட்டுது, அத வாங்கி வைக்க பாத்திரம் இல்லன்னு ஊத்திவிடுறோம், அதே நேரம் கப்பல்ல டீசலும் நுரைச்சோலை மின் நிலையத்துக்கு நிலக்கரியும் டொலர் குடுத்து இறக்குறோம். ஒரு கரண்ட் கெப்புங்கிறது 60 யூனிட் பாத்திரம். பேலியகொடை மெனிங் சந்தையில விடிய முன்னாடி மரக்கறி இறக்கிட்டு பகல்ல டிரைவர்மார் லொறிக்குக் கீழ பாய் போட்டுத் தூங்குறாங்க, அந்த நேரத்துல அங்க பிளக் இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு தடவை நெனச்சுப் பாருங்க, அங்க கூரையும் பெருசு.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சு மலைநாட்டுல மண்ணு சரிஞ்சு எத்தனையோ எடத்துல நாள் கணக்கா கரண்ட் இல்ல. எங்க மாமாவோட ஃபோன் நாலு நாள் ஓஃப், உசிரோட இருக்காரான்னு தெரியாம எங்க அம்மா சாப்பிடல. சில கரண்ட் கெப்புல பின்னால சாதாரண பிளக் பொயின்ட் இருக்கு, அமெரிக்கா லைட்னிங்ல 9.6 கிலோவாட் வரைக்கும் எடுக்கலாம். தோட்டத்து லயத்துல ஒரு வீட்டுக்கு மாசம் 60 யூனிட் போகும்னா ஒரு கெப் பெட்டரியில அந்த வீட்டுக்கு ஒரு மாசம் லைட்டு எரியும், ஒரு லயத்துக்கே ஃபோன் சார்ஜ் போடலாம். கரண்ட் கம்பி கட்ட வாற ஆக்களோட கெப், பிரதேச செயலகத்து கெப், வைத்தியசாலை கெப், இதெல்லாம் காலையில போயிட்டு ராத்திரி ஒரே எடத்துக்குத் திரும்புற வண்டிதானே. வளவு இருக்கு, காவல்காரர் இருக்கார், மீட்டர் இருக்கு. அரசாங்கத்துக்கு டபுள் கெப் வாங்குற பேச்சு வாற ஒவ்வொரு தடவையும் முதல்ல இந்த ஆக்களுக்கு ஒரு பங்கு கரண்ட்ல வாங்கிப் பாருங்க. பெரிய ஐயாமாரோட வாகன வரிசைக்கு வாங்கினா எங்களுக்கு ஒன்னும் தெரியவராது, கம்பி கட்டுற ஆளு மூணு வருஷம் ஓட்டினா பெட்டரி நம்ம சூட்டுல, நம்ம ரோட்டுல எப்படி நிக்குதுன்னு நாட்டுக்கே தெரியும்.

பெட்டரின்னதும் இன்னொரு பயம். பத்து வருஷத்துக்கு முன்னாடி ஜப்பான்ல இருந்து பழைய எலக்ட்ரிக் கார் நெறைய வந்துச்சு. என் சித்தப்பா ஒன்னு வாங்கினாரு, பெட்டரிக்கு கூலிங் இல்லாத மொடல், வெயில்ல நின்னு நின்னு மீட்டர்ல கோடு ஒன்னு ஒன்னா கழண்டு, கடைசியில வெள்ளவத்தையில இருந்து வத்தளைக்குப் போயிட்டு திரும்பி வரவே யோசிக்கிற நிலை. விக்கப் போனா யாரும் வாங்கல. இப்ப வாறதுல தண்ணியில குளிர்ற பெட்டரி, பொதுவா 8 வருஷம் இல்லாட்டி 160,000 கிலோமீட்டருக்கு உத்தரவாதம் குடுக்கிறாங்க, சரி. ஆனா அந்த உத்தரவாதம் கை மாறினாலும் கூடவே வருமான்னு எங்களுக்குத் தெரியாது. எங்கள மாதிரி ஆக்கள் வாங்குறது மூணாவது கை. பழைய டீசல் ஹைலக்ஸ் இந்த நாட்டுல தங்கம் மாதிரி, 20 வருஷம் ஓடினாலும் இன்ஜின இறக்கி சிலிண்டர் போர் அடிச்சு பிஸ்டன் மாத்தி ஓட்டலாம், கிராண்ட்பாஸ்ல ஒரு மெக்கானிக் பாஸ் கண்ண மூடிக்கிட்டே செய்வாரு. பெட்டரிய அவரால தொடக்கூட முடியாது, தொட்டா 400 வோல்ட். பழசா இறக்குற ஒவ்வொரு கரண்ட் வண்டிக்கும் பெட்டரி எத்தனை வீதம் மிச்சம்னு அளந்த ஒரு சான்றிதழ் இல்லாம பதிவு செய்யாதீங்க, உத்தரவாதத்த வண்டியோட கை மாறுற மாதிரி எழுத வைங்க. மொரட்டுவ ஜேர்மன் டெக் பயிற்சி நிலையத்துல, ஒருகொடவத்தயில பையன்மாருக்கு வாகன வேலை படிச்சுக் குடுக்கிறீங்க, நல்லது, எங்க 50 வயசு பாஸ்மாருக்கும் ஒரு பின்னேர வகுப்பு வைங்க, இல்லாட்டி அவங்க பொழப்பு போயிரும், எங்க கெப்பும் கம்பனி கராஜோட சிறைக்கைதி ஆயிரும்.

வரி பத்தி கொஞ்சம். எலக்ட்ரிக் காருக்கு மோட்டாரோட கிலோவாட்ட வச்சு எக்சைஸ் வரி போடுறீங்க, 2025ல அந்த கிலோவாட் எவ்வளவுங்கிற தகராறுல ஒரு தொகை காரே சுங்கத்துல நின்னது எல்லாருக்கும் தெரியும். கெப்புக்கும் அதே தராசு போட்டா அது அநியாயம், ஏன்னா ஒரு டொன் பாரத்த கினிகத்தேன ஏத்துறதுக்கு மோட்டார் பெருசா இருக்கத்தான் வேணும், டி-மேக்ஸ்லயே 140 கிலோவாட். தோல் சீட்டு போட்ட உல்லாச கெப்பும் மூட்டை ஏத்துற சிங்கிள் கெப்பும் ஒரே வரி வரிசையில நிக்கக்கூடாது. எத்தனை கிலோ ஏத்துதுன்னு பாருங்க, அத வச்சு குறைங்க.

முதலாளிமாருக்கு ஒரே ஒரு விசயம். நான் ஓட்டின கெப்புல எச்சரிக்கை ஸ்டிக்கர் சீனத்துல ஒன்னு, ஆங்கிலத்துல ஒன்னு. சார்ஜ் பண்ற ஃபோன் ஆப் ஆங்கிலம். எங்க டிரைவர் அண்ணனுக்கு தமிழும் சிங்களமும் வாசிக்கத் தெரியும், நல்லா வாசிப்பாரு, அந்த பெரிய வோல்ட் போற ஆரஞ்சு நிற வயர வெட்டாதேன்னு அவருக்கு விளங்குற பாஷையில ரெண்டு வரி ஒட்டுறதுக்கு எவ்வளவு செலவாகும்?

இந்தக் கடிதத்த எழுதி முடிக்கும்போது ராத்திரி பத்தரை தாண்டிருச்சு. குறைஞ்ச விலை கரண்ட் ஆரம்பிச்சிருக்கும். ஜன்னல்ல எட்டிப் பாத்தா தெரு முனையில என் சிங்கிள் கெப் நிக்குது, அதுக்குப் பக்கத்துல ஒரு பட்டா, அதுக்குப் பின்னால ரெண்டு திரீவீல். காலையில அஞ்சே முக்காலுக்கு டிரைவர் அண்ணன் வந்து ஸ்டார்ட் பண்ணுவாரு, ரெண்டாம் மாடிக்கு புகை வரும், எங்க அம்மா ஜன்னல சாத்துவாங்க.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு கெப்காரன்

பி.கு: பதில் போடுறதா இருந்தா தயவு செஞ்சு தமிழ்ல போடுங்க. போன தடவை ஒரு அலுவலகத்துக்கு பார்க்கிங் விசயமா தமிழ்ல எழுதினதுக்கு சிங்களத்துல பதில் வந்துச்சு, டிரைவர் அண்ணன்தான் வாசிச்சு சொன்னாரு, உங்க கடிதம் கிடைச்சது, வேற மொழியில திரும்ப அனுப்புங்கன்னு இருந்துச்சாம்.